பெயர் தைக்காத போர்வை

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடாதீர்கள். இந்தக் கதையில் வரும் குருவுக்கு வயது முப்பத்தைந்து. பெயர் செங்கமலம். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் தைத்துவிட்டு, ஏற்காட்டில் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வருகிறவர்களுக்குக் கையால் போர்வை தைக்கக் கற்றுக்கொடுத்து வந்தாள். மூன்று நாள் தங்கல், சாப்பாடு, தையல்.

சிஷ்யைக்கு வயது அறுபத்தொன்று. பெயர் தமயந்தி. சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், கடைசி எட்டு வருஷம் தலைமையாசிரியை. கரும்பலகையில் அவள் வெறுங்கையால் இழுத்த கோட்டை ஸ்கேல் வைத்துச் சோதித்துப் பார்த்துத் தோற்றவர்கள் உண்டு.

கணக்கில் கோட்டை விட்டவளிடம் கணக்கு டீச்சர் போய்ப் பாடம் கேட்பானேன்? எல்லாம் பியூலாவால் வந்தது.

தமயந்தி, மெஹருன்னிசா, குணவதி, பியூலா நான்கு பேரும் ஒரே பள்ளி. ஆசிரியர் அறையில் ஜன்னலோர மேஜை இவர்களுடையது. அங்கே நான்கு டிபன் டப்பா திறந்தால் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லோரும் ஓய்வு பெற்றாயிற்று. இங்கிலீஷ் டீச்சர் பியூலாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டு, இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும் தெரிகிறது. நாகர்கோவிலில் தங்கை வீட்டில் இருக்கிறாள்.

அவள்தான் ஒரு நாள் போனில் சத்தம் போட்டாள்.

"போட்டோவா அனுப்பி உயிரை வாங்காதீங்கடி. அதை விளக்கிச் சொல்லியே எந் தங்கச்சிக்குத் தொண்டை வத்திப்போச்சு. கையில பிடிக்கிற மாதிரி எதாவது குடுங்க."

அப்படிப் பிறந்ததுதான் போர்வை யோசனை. பள்ளியின் வெள்ளி விழாவுக்கு ஆசிரியைகள் எல்லோரும் ஒரே மாதிரி நீலப் பருத்திப் புடவை எடுத்திருந்தார்கள். மூவரும் அவரவர் பெட்டியிலிருந்து அதைத் தேடி எடுத்தார்கள். சதுரம் சதுரமாக வெட்டி, இடையிடையே வெள்ளை வேட்டித் துணி வைத்து, மெஷினில் இணைத்தாயிற்று. மடியில் விரித்துக்கொள்ளும் அளவுக்கு வந்தது. அடியில் பஞ்சு வைத்து, அதற்கும் கீழே இன்னொரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் தைக்கத்தான் மலை ஏறினார்கள்.

மற்ற இருவருக்கும் அது உல்லாசப் பயணம். தமயந்திக்கு அப்படியில்லை. அவள் நெஞ்சில் ஒரு முள் இருந்தது.

'எழுத்து மங்கலாத் தெரியுதுடி' என்று பியூலா முதன்முதலில் சொன்னது அவளிடம்தான். காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்துகிற நேரம். "கண்ணாடியை மாத்து, சரியாயிடும். திங்கக்கிழமைக்குள்ள தாளைக் கொடு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள் எச்.எம். பியூலா கண்ணாடியை மாற்றினாள். திங்கட்கிழமை தாளையும் கொடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆறு மாதம் ஓடியிருந்தது. காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர்.

இதைப் பற்றி பியூலா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தமயந்தி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

இந்த ஒரு காரியத்தையாவது அவளுக்குக் குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

இருபது கொண்டை ஊசி வளைவிலும் குணவதி வாய் மூடவில்லை. அவள் தமிழ் டீச்சர். தன் சம்பந்தி வீட்டுக் கதையை அடிவாரத்தில் ஆரம்பித்தவள், பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சீமந்தம் வரை வந்திருந்தாள். விளையாட்டு டீச்சராக இருந்த மெஹருன்னிசா பக்கத்து இருக்கையில் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

ஓட்டு வீட்டின் கூடத்தில் மரச் சட்டம் ஒன்று கட்டில் மாதிரி நின்றது. அதில் துணியை இழுத்துக் கட்டியிருந்தாள் செங்கமலம். சாக்பீஸால் கோடுகளும் போட்டு வைத்திருந்தாள். ஆளுக்கொரு பக்கம் உட்கார வைத்தாள். நாலாவது பக்கத்தில் முக்காலி போட்டு அவளே உட்கார்ந்து, ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்தாள்.

"கோடு இருக்குதுங்க. ஊசி இருக்குதுங்க. ஆரம்பிங்க."

தமயந்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் எவ்வளவு இடைவெளி?"

"எவ்வளவு வருதோ அவ்வளவுங்க."

"மில்லிமீட்டர்ல சொல்லுங்க."

"அது உங்க கைக்குத்தானுங்களே தெரியும்."

பரீட்சையில் இப்படி எழுதினால் தமயந்தி முட்டை போட்டிருப்பாள். இங்கே சிஷ்யை ஆயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

மதியத்துக்குள் மூன்று பக்கமும் மூன்று விதமாக வளர்ந்தது.

தமயந்தியின் வரிசை எறும்பு போவது போலப் போனது. மெஹருன்னிசாவின் தையல் நீளம் தாண்டுதல் போட்டிக்குப் போயிருந்தது. ஒரு தாவலில் கால் அங்குலம். குணவதி இடது கைக்காரி. அவள் தையல் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. அதோடு பேச்சு வேறு. சம்பந்தி மேல் கோபம் ஏறினால் நூல் இறுகும். பேரன் கதை வந்தால் தளரும். அவள் குடும்ப வரலாற்றை அந்தத் துணியிலேயே படித்துவிடலாம்.

தமயந்தி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"மெஹரு, கொஞ்சம் பொடியாப் போடேன்."

"பொடியாத்தான் போடறேன். ஊசி தாவுது, நான் என்ன பண்ண?"

"குணா, நூலை ஒரே மாதிரி இழு."

"சரிடி. எங்க விட்டேன்? ஆங், அந்தப் பொம்பள நேரா வந்து எங்கிட்டயே கேக்கறா..."

தமயந்தி குருவைப் பார்த்தாள். குரு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டின்போது குணவதி கேட்டாள். "திருப்பூரை ஏன்மா விட்டே? நல்ல வேலைதானே?"

"நல்ல வேலைதானுங்க. ஒரு நாள் கடைவீதியில போறப்ப எங்க கம்பெனி பனியன் தொங்கிட்டிருந்துச்சு. ஆசையா எடுத்துப் பாத்தேன். நான் தெச்சதான்னு தெரியலீங்க. திருப்பித் திருப்பிப் பாத்தேன். தெரியவே இல்ல."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் நின்னுட்டேனுங்க. ரசம் ஊத்தட்டுங்களா?"

மெஹருன்னிசா கையைத் தூக்கி, "ஊத்துங்கள், குருவே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குருவும் சிரித்தாள். தமயந்தி மட்டும் சட்டத்தின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் தமயந்தி குருவிடம் கேட்டாள்.

"மூலையில எங்க மூணு பேர் பேரையும் தைக்கலாமா? யார் கொடுத்ததுன்னு அவளுக்குத் தெரியணுமில்ல?"

"வேண்டாமுங்க."

"ஏன்?"

"தேவைப்படாதுங்க."

இதுவும் ஒரு பதிலா என்று நினைத்துக்கொண்டாள் தமயந்தி.

சாயங்காலம் பியூலா கூப்பிட்டாள். மெஹருன்னிசா போனைத் துணியின் நடுவில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். போர்வை ரகசியம். அதனால் ஊட்டி மாதிரி ஓர் இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

"குதிரை சவாரி போனீங்களாடி?"

"குணாவை ஏத்தினோம். குதிரை மாட்டேன்னுடுச்சு" என்றாள் மெஹருன்னிசா.

"எங்கிட்ட ஒரு சேதி இருக்கு. எழுத்தெல்லாம் படிச்சு முடிச்சுட்டேன். புள்ளி எழுத்து. மேடா இருக்கிற புள்ளியை விரலால தடவிப் படிக்கணும். நேத்து ஒரு முழுப் பக்கம் வாசிச்சேன். என் விரலு இப்ப கில்லாடி ஆயிட்டு, பாத்துக்க. தங்கச்சி தோசையைத் தொட்டே யார் சுட்டதுன்னு சொல்லிருவேன்."

பியூலாவே தொடர்ந்தாள். "தமயந்தி இருக்காளா? ஏன் பேச மாட்டேங்கா?"

"இருக்கேன்டி" என்றாள் தமயந்தி.

போன் அடங்கியது. தமயந்தி மெஹருன்னிசாவின் வரிசையை விரலால் தடவிப் பார்த்தாள். மேடு, பள்ளம், தாவல், முடிச்சு. பியூலாவுக்கு இந்த நீலம் தெரியப்போவதில்லை. சதுரமும் தெரியாது. அவளுக்குக் கிடைக்கப்போவது இந்தத் தையல் ஒன்றுதான். அதுவும் இப்படியா?

தீர்மானம் செய்துவிட்டாள்.

இரண்டாம் நாள் மதியம் மற்றவர்கள் ஏரிக்குப் படகு விடக் கிளம்பினார்கள்.

"எனக்கு முட்டி வலி. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் தமயந்தி.

அவர்கள் தலை மறைந்ததும் சின்னக் கத்தரியை எடுத்தாள். முட்டி வலிக்காரி ஒரே எட்டில் மெஹருன்னிசாவின் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

திருத்துகிற கைக்கு முப்பது வருஷப் பழக்கம். நான்கு வரிசையையும் பிரித்து, நூல் துணுக்குகளைப் பொறுக்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். திரும்பத் தைத்தாள். எறும்பு வரிசை. அடுத்து குணவதியின் பக்கம். சம்பந்தி சண்டை போனது, பேரன் போனான், சீமந்தம் போனது.

நடுவில் செங்கமலம் வந்தாள். தமயந்தியின் கை அப்படியே நின்றது. செங்கமலம் துணியைப் பார்த்தாள். கத்தரியைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் காபி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் தமயந்தி. நமக்கு வேண்டியபடி அர்த்தம் சொல்லும் மௌனத்தைப் போல வசதி வேறு உண்டா?

மிளகும் காபிப் பொடியும் வாங்கிக்கொண்டு திரும்பிய மெஹருன்னிசா, சட்டத்தின் முன் உட்கார்ந்தவள், "ஏய்!" என்று கூவினாள்.

தமயந்திக்குத் திக்கென்றது.

"ஏய், இது நான் தைச்சதா? இவ்வளவு நல்லாவா தைச்சேன்? காலையில கோணலாத் தெரிஞ்சுதே! இங்க வந்து பாருங்கடி! அறுபது வயசுல கை வந்துடுச்சு எனக்கு!"

உடனே போனை எடுத்து நாலு பக்கமும் நின்று படம் பிடித்தாள். மஸ்கட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பினாள். குரலும் பதிவு செய்து அனுப்பினாள். "ஷாஹினா, உங்கம்மா தைச்சது. பட்டன் தைக்கத் தெரியாதுன்னு சொல்லுவியே, பாரு!"

தமயந்தி சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

குணவதி தன் வரிசையைக் குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு முறை தடவினாள். பிறகு தமயந்தியைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை இந்த முப்பது வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை. சாயங்காலம் நான்கு மணிக்கு சேலம் பஸ். தமயந்தியின் பக்கம் ஒரு வரிசை மட்டும் பாக்கி. குளித்துவிட்டு வந்த மெஹருன்னிசாவும் குணவதியும் கூடத்து வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

செங்கமலம் போர்வையின் மேல் குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையை வைத்து, மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம், அங்கிருந்து அதற்கடுத்த பக்கம் என்று நகர்த்தினாள். ஒரு சுற்று முடிந்தது. கண்ணைத் திறந்தாள்.

"மேடம், மூலையில பேரு தைச்சுப்போடுங்க. மூணு பேரு பேரையும்."

"முதல் நாள் வேண்டாம்னீங்களே?"

"அன்னைக்கு வேண்டியிருக்கலீங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தமயந்தியும் கண்ணை மூடினாள். விரலை வைத்தாள். எறும்பு வரிசை. இது நான். மூலை திரும்பினாள். எறும்பு வரிசை. இன்னொரு மூலை. அங்கேயும் எறும்பு. கையை வேகமாக ஓட்டினாள். மெஹரு இருந்த இடத்தில் மெஹரு இல்லை. குணாவைக் காணோம். தேடத் தேட அவளே வந்தாள்.

நாகர்கோவிலில் ஒருத்தி இதை மடியில் விரித்துக்கொண்டு இப்படித்தான் தேடுவாள் என்று நினைத்தபோது தமயந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாசலுக்குப் போனாள்.

"மெஹரு, அது நீ தைச்சதில்லை."

"எது?"

"உன் நாலு வரிசையையும் நேத்து நான் பிரிச்சுத் தைச்சேன். குணாவுதையும். முட்டி வலின்னது பொய்."

மெஹருன்னிசா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் பொண்ணுக்கு அனுப்பிட்டேனேடி" என்றாள் மெல்ல.

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து முற்றத்துக்குப் போய் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சத்தமாகச் சிரிக்கிறவர்கள் சத்தமில்லாமல் நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

"எனக்கு நேத்தே தெரியும்" என்றாள் குணவதி. "என் தையல் வலது கைக்காரி தையலாட்டம் படுத்திருந்துச்சு."

"ஏன் சொல்லலை?"

"நீயே சொல்றியான்னு பாத்தேன். வாயை மூடிட்டு ஒரு ராத்திரி முழுக்க இருந்திருக்கேன்டி. தாடையெல்லாம் வலிக்குது."

மெஹருன்னிசா திரும்பினாள். கண் சிவந்திருந்தது. கைப்பையைத் திறந்து எதையோ துழாவினாள். விசில். ஓய்வு பெற்றும் அதை விடவில்லை அவள். வாயில் வைத்து ஊதினாள் பாருங்கள், பக்கத்துத் தோட்டத்து நாய் எழுந்து நின்றது.

"தமயந்தி! வீட்டைச் சுத்தி ஒரு ரவுண்ட். ஓடு!"

"என்னடி இது?"

"முட்டி வலிதான் பொய்னு சொல்லிட்டியே. ஓடு!"

"நான் எச்.எம்.டி!"

"இப்ப ரெண்டு ரவுண்ட்!"

எட்டு வருஷம் பள்ளியையே நடுங்க வைத்தவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். பனி இன்னும் கலையாத முற்றத்தில், காயப்போட்டிருந்த காபிக் கொட்டையைத் தாண்டி, கிணற்றைச் சுற்றி, பின்கட்டு வழியாகக் குடுகுடுவென்று ஓடினாள். குணவதி எண்ணினாள். மெஹருன்னிசா விசில் ஊதினாள். இரண்டாவது சுற்றில் அடுப்படி ஜன்னலைத் தாண்டும்போது, உள்ளே குரு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது.

தமயந்தி மூச்சு வாங்க வந்து நின்றதும், கூடத்துக்குப் போய்ச் சட்டத்தின் மேலிருந்த கத்தரியை எடுத்துக்கொண்டாள் மெஹருன்னிசா.

"எச்.எம். வேலையில தப்பு கண்டுபிடிச்சுப் பிரிக்கணும்னு எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா?"

தன் நான்கு வரிசையையும் குணவதியின் வரிசைகளையும் ஒரு நூல் விடாமல் ரசித்துப் பிரித்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து தைத்தார்கள். ஊசி பழையபடி தாவியது. குணவதி சம்பந்தியை விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். ஒரு ராத்திரிப் பேச்சு பாக்கி இருந்ததால், சீமந்தம் தாண்டிப் பெயர் வைக்கிற வரைக்கும் போயிற்று.

மெஹருன்னிசா புதிதாகப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். "முதல்ல அனுப்பினது என்னுது இல்லையாம். இதுதான் நான் தைச்சது."

மஸ்கட்டிலிருந்து உடனே பதில் வந்தது. "முதல்லயே நான் நம்பலை."

"பாத்தியா திமிரை!" என்றாள் மெஹருன்னிசா. ஆனால் அந்த வரியை இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினாள், இரண்டு தடவை.

மணி மூன்று. அவர்கள் இருவரும் உள்ளே மூட்டை கட்டப் போனார்கள். தமயந்தி தன் கடைசி வரிசையோடு தனியாக இருந்தாள்.

சாக்பீஸ் கோட்டில் ஊசியை வைத்தவள், வேண்டுமென்றே விலக்கினாள். ஒரு தையல் நீளம். அடுத்தது குட்டை. ஓரிடத்தில் நூலைச் சுண்டி இழுத்தாள். இன்னோரிடத்தில் தொளதொளவென்று விட்டாள். அவளுக்கு இது சுலபமாக வரவில்லை. கோணலாகத் தைக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

செங்கமலம் வந்து நின்றாள்.

"கை வலிக்குதுங்களா மேடம்?"

"இல்லை."

"தூக்கம் வருதுங்களா?"

"இல்லையே."

"அப்புறம் ஏனுங்க இந்த வரிசை மட்டும் குடிச்சவன் நடையா இருக்குது?"

தமயந்தி தலை நிமிரவில்லை.

"எல்லாரையும் மாதிரி நானும் இருக்கட்டுமேன்னு பார்த்தேன். நான் கத்துக்கிட்ட பாடம் அதுதானே?"

"நான் அப்படியொரு பாடம் நடத்தலீங்களே."

உள்ளே குணவதியின் குரலும் பெட்டி இழுக்கும் சத்தமும் கேட்டன. தமயந்தி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"கண்ணு மங்குதுன்னு அவ முதல்ல எங்கிட்டதான் சொன்னா. நான் கண்ணாடியை மாத்துன்னேன். தாளைத் திருத்திக் கொடுன்னேன். நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா..."

செங்கமலம் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ இதைத் தடவறப்போ மெஹருவைக் கண்டுபிடிக்கட்டும். குணாவைக் கண்டுபிடிக்கட்டும். என் வரிசைக்கு வர்றப்போ, இது யாரோன்னு தாண்டிப் போயிடட்டும். எனக்கு அது போதும்."

செங்கமலம் கத்தரியை எடுத்துத் தமயந்தியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிரிங்க."

தமயந்தி பிரித்தாள். கோணல் தையல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. கோடு வெறுமையாகக் கிடந்தது. செங்கமலம் புது நூலை ஊசியில் கோத்து நுனியில் முடிச்சுப் போட்டாள்.

தமயந்தி ஊசியை வாங்கிக்கொண்டாள்.

"அவ விரல் இங்க வந்து நின்னுடுச்சுன்னா?" என்று கேட்டாள்.

"நிக்கத்தானுங்க செய்யும். அவங்க உங்களைத் தேடிட்டுத்தான் வருவாங்க" என்றாள் செங்கமலம். "நீங்க உங்க இடத்துல இருங்க."